ஜாவாவில் தேதியும் நேரமும்: ஒரு நூலகத்தின் வரலாறு

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் ஜாவா மொழியின் முதல் பதிப்பை 1996 ஜனவரியில் வெளியிட்டது. தேதிக்கும் நேரத்துக்கும் சேர்த்து அதில் ‘டேட்’ என்ற ஒரே வகுப்புதான் இருந்தது. பெயரில் தேதி இருந்தாலும் அது உள்ளே வைத்திருந்தது ஓர் எண்ணை மட்டுமே: 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து, கிரீன்விச் கணக்கில், கடந்துபோன மில்லி நொடிகள். இந்தத் தொடக்கப் புள்ளி யூனிக்ஸிலிருந்து வந்தது. ஆண்டை 1900-லிருந்தும் மாதத்தை 0-விலிருந்தும் நாளை மட்டும் 1-லிருந்தும் எண்ணும் வழக்கம் சி மொழியிலிருந்து வந்தது. 2014 மார்ச் 18 வேண்டுமென்றால் 114, 2, 18 என்று எழுத வேண்டும். மார்ச்தானே என்று 3 போட்டவருக்கு ஏப்ரல் கிடைத்தது. கணினி எந்தப் பிழையும் காட்டவில்லை.

இந்தக் குறைகளைத் தீர்க்க 1997-இல் வந்த 1.1 பதிப்பில் ‘கேலண்டர்’ வகுப்பு சேர்ந்தது. ‘டேட்’ வகுப்பின் பெரும்பாலான வசதிகளை இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று அப்போதே அறிவித்தார்கள். ஆனால் புதிய வகுப்பிலும் மாதம் 0-விலிருந்தே தொடங்கியது. அதைவிடப் பெரிய சிக்கல், இரண்டு வகுப்புகளின் பொருள்களும் உருவான பிறகு மாற்றக்கூடியவை என்பது. ஊழியர் பணியில் சேர்ந்த தேதியை ஒரு மென்பொருள், அறிக்கை தயாரிக்கும் பகுதிக்குக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பகுதி தன் கணக்குக்காக ஒரு மாதத்தைக் கூட்டினால், மூலப் பதிவிலும் தேதி மாறிவிடும். தேதியை எழுத்தாக்கித் தரும் வகுப்பை ஒரே சமயத்தில் பல இழைகள் பயன்படுத்தினால், எச்சரிக்கை இல்லாமல் தவறான தேதிகள் வெளிவரும்.

மாற்று வழி மொழிக்கு வெளியிலிருந்து வந்தது. பிரிட்டனைச் சேர்ந்த ஸ்டீபன் கோல்பர்ன் 2002-இல் ஜோடா-டைம் என்ற திறந்த மூல நூலகத்தைத் தொடங்கினார், அதன் 1.0 பதிப்பு 2005-இல் வெளியானது. மாதங்கள் 1 முதல் 12 வரை ஓடின. முக்கிய வகுப்புகளின் பொருள்கள் மாறாதவை; ஒரு நாளைக் கூட்டினால் பழைய பொருள் அப்படியே இருக்க, புதிய பொருள் கிடைக்கும். ‘ஒரு நாள்’ என்பதையும் ‘24 மணி நேரம்’ என்பதையும் ஜோடா-டைம் தனித்தனி வகைகளாகப் பிரித்தது. நியூயார்க்கில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிக் கோடைகால நேரம் தொடங்கும் நாளுக்கு 23 மணி நேரம்தான். ‘நாளை இதே நேரம்’ என்ற சந்திப்பையும் ‘24 மணி நேரம் கழித்து’ என்ற மருந்து வேளையையும் ஒரே கணக்கில் போட முடியாது.

நாடுகளின் நேர மாற்றங்களுக்கு ஜோடா-டைம் நம்பியது நேர வலயத் தரவுத்தளத்தை. 1980-களில் ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கி, பால் எகெர்ட் உள்ளிட்ட தன்னார்வலர்கள் வளர்த்த தொகுப்பு அது. 2011 முதல் அதற்கு இணைய எண் ஒதுக்கீட்டு ஆணையம் இடமளிக்கிறது. 1906-க்கு முன்பு நடப்பில் இருந்த மெட்ராஸ் நேரம், கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 10 நொடி முன்னால் என்று அதில் பதிவாகியுள்ளது. இலங்கையின் பதிவு இன்னும் சிக்கலானது. மின் பற்றாக்குறை காரணமாக 1996 மே மாதம் கடிகாரம் ஐந்தரையிலிருந்து ஆறரை மணி நேர வித்தியாசத்துக்கு நகர்த்தப்பட்டது. அக்டோபரில் ஆறு மணியாகக் குறைந்தது. 2006 ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டை ஒட்டி மீண்டும் ஐந்தரைக்கு வந்தது. அந்த ஏப்ரல் 15 அதிகாலை 12.30-க்குக் கடிகாரம் 12.00-க்குத் திரும்பியதால், கொழும்பில் 12.15 மணி இருமுறை வந்தது. அந்த நிமிடத்தில் பிறந்த குழந்தையின் பிறந்த நேரத்தை ‘12.15’ என்று மட்டும் பதிந்தால், எது முந்தியது என்று எந்த நூலகத்தாலும் சொல்ல முடியாது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் 1996-க்குப் பிறகும் பழைய ஐந்தரை மணி நேர வித்தியாசத்தையே பின்பற்றின. கொழும்பின் பெயரிலுள்ள ஒரே பதிவால் அதைக் காட்ட இயலாது.

ஜோடா-டைமிலும் அடிப்படைக் குறைகள் வெளிப்பட்டன. நள்ளிரவைக் குறிக்கத் தனி வகுப்பு ஒன்று அதில் இருந்தது. பிரேசிலில், 2019-இல் கைவிடப்படும் வரை, கோடைகால நேரம் தொடங்கும் நாளில் கடிகாரம் 12.00-இலிருந்து நேராக 1.00-க்குத் தாவியது, நள்ளிரவே இருக்கவில்லை. அந்த நாளில் நிரல்கள் நின்றுபோயின. வகுப்பைக் கைவிட்டு, ‘நாளின் தொடக்கம்’ என்ற கருத்தை ஏற்றார்கள்.

2007-இல் ஜேஎஸ்ஆர்-310 என்ற பெயரில், மொழிக்குள்ளேயே புதிய நூலகம் அமைக்கும் பணி தொடங்கியது. கோல்பர்னும் பிரேசிலின் மைக்கேல் நாசிமென்டோ சாண்டோஸும், பின்னர், சன்னை வாங்கிய ஆரக்கிள் நிறுவனத்தின் ரோஜர் ரிக்ஸும் அதை வழிநடத்தினார்கள். ஜோடா-டைமை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் புதிதாக வடிவமைத்தார்கள். கணினி எண்ணும் கணம், வலயமற்ற தேதி, வலயமற்ற கடிகார நேரம், வலயத்தோடு கூடிய நேரம் என நான்கும் வேறு வேறு வகுப்புகளாயின. துல்லியம் நானோ நொடிக்கு உயர்ந்தது. தாய்லாந்து, ஜப்பான், இஸ்லாமிய நாட்காட்டிகள் தனி வகுப்புகளாகச் சேர்ந்தன. 2014 மார்ச் 18 அன்று ஜாவா 8 பதிப்புடன் இது வெளியானது. ஜாவா 8-க்கு மாறியவர்கள் இதையே பயன்படுத்த வேண்டும் என்று ஜோடா-டைம் குழுவே கேட்டுக்கொண்டது.

இதே பகுப்புகள் பிற மொழிகளுக்கும் பரவின. ஜோடா-டைமைத் தழுவி ஜான் ஸ்கீட் உருவாக்கிய நோடா டைம், 2012-இல் டாட்நெட் தளத்துக்கு வந்தது. ஜாவாவின் முதல் பதிப்பு முறையாக வெளியாகும் முன்பே, 1995-இல், ஜாவாஸ்கிரிப்ட் அதன் ‘டேட்’ வகுப்பை நகலெடுத்திருந்தது. அந்த நகலின் இடத்தை நிரப்ப வடிவமைக்கப்பட்ட ‘டெம்போரல்’ 2021-இல் தரப்படுத்தலின் மூன்றாம் கட்டத்தை எட்டியது. பிறந்த நாளுக்குத் தேதி போதும். ரயில் புறப்பாட்டுக்கு ஊரும் வேண்டும். பணப் பரிமாற்றத்துக்குக் கணம் வேண்டும். இந்த மூன்றையும் ஒரே வகுப்பில் அடைத்த முதல் வடிவமைப்பைத் திருத்தி முடிக்க ஜாவாவுக்கு 18 ஆண்டுகள் ஆயின.