பம்பாய் எஃகும் பாளை அரிவாளும்

மும்பைத் தமிழர் வரலாற்றைச் சொல்லும்போது தோல், துறைமுகம், இரயில், பஞ்சாலை என்று வரிசையாகச் சொல்லுவோம். அந்த வரிசையில் கத்தி வருவதில்லை. ஆனால் தாராவியில் தோலை வழிப்பதற்கும் கத்தி வேண்டும். மாட்டுங்கா மார்க்கெட்டில் வாழைத்தார் அறுக்கவும் கத்தி வேண்டும். செம்பூர் அடுக்களையில் அருவாமனை இல்லாவிட்டால் அவியலும் இல்லை. அந்தக் கத்தியைச் செய்தவன் யார், எப்படிச் செய்தான் என்று கேட்டுக்கொண்டே போனால் அந்தக் கேள்வி சேலத்துக்கும் இலண்டனுக்கும் திருப்பாச்சேத்திக்கும் போய், கடைசியில் நம் தாராவிக்கே திரும்பி வருகிறது.

கத்தியின் அடிப்படைச் சிக்கல்

கத்தி செய்கிறவனுக்கு என்றைக்கும் ஒரே சிக்கல்தான். வாய் கெட்டியாக இருக்க வேண்டும். உடம்பு உடையக் கூடாது. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று பகை. கரி சேராத இரும்பு வளையும், கூர் நிற்காது. கரி சேர்ந்த எஃகைச் செக்கச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் கெட்டிப்படும். ஆனால் கண்ணாடி போலத் தெறித்துவிடும். கெட்டியை எவ்வளவு விட்டுக்கொடுத்து, உறுதியை எவ்வளவு வாங்குவது என்பதே கொல்லுத் தொழிலின் கணக்கு. வெப்பமானி இல்லாத காலத்தில் அந்தக் கணக்கைக் கண்ணால் போட்டார்கள்.

பம்பாய்ப் பெயரில் போன எஃகு

1794இல் பம்பாயில் இருந்த ஹெலனஸ் ஸ்காட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், இலண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பாங்க்ஸுக்குச் சில எஃகுக் கட்டிகளை அனுப்பி வைத்தார். அவற்றைச் சோதித்த ஜார்ஜ் பியர்சன் 1795இல் ஒரு கட்டுரை படித்தார். பம்பாயில் செய்யப்பட்டு அங்கே 'ஊட்ஸ்' என்று வழங்கும் ஒருவகை எஃகு என்பது அதன் தலைப்பில் உள்ள செய்தி. கன்னடத்து 'உக்கு', தமிழின் 'உருக்கு' ஆகிய சொற்களோடு தொடர்புடையதே இந்த 'ஊட்ஸ்' என்பர் ஆய்வாளர்.

உண்மையில் இந்த எஃகுக்குப் பெயர் பெற்ற உலைகள் சேலம், மைசூர், தெலங்கானா ஆகிய பகுதிகளில் இருந்தன. பம்பாய் அதைக் கப்பலேற்றிய துறைமுகம். செய்தவன் ஊர் மறைந்து, அனுப்பிய ஊர் பெயர் நின்றுவிட்டது! இதன் பழமை பெரிது. நொய்யல் கரையில் கொடுமணலில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் நடத்திய அகழாய்வுகளில் இரும்பு, எஃகுத் தொழிலின் சான்றுகள் கிடைத்தன. தென்னார்க்காட்டு மேல்சிறுவளூரில் மூசை எஃகு செய்த தடயங்களை 1990களில் சாரதா சீனிவாசன் ஆராய்ந்து வெளியிட்டார்.

ஆவாரங்குச்சியும் எருக்கிலையும்

சேலத்து முறையை ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் விரிவாக எழுதியிருக்கிறார். 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கியவர் அவர். இரும்புத் துண்டுகளை மண் மூசையில் போட்டு, எடையில் பத்தில் ஒரு பங்கு காய்ந்த ஆவாரங்குச்சியைச் சேர்த்து, மேலே எருக்கிலையை மூடி, களிமண்ணால் வாயை அடைப்பார்கள். இப்படி 20 முதல் 24 மூசைகளை உலையில் அடுக்கி, சுமார் இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதுவார்கள். குச்சியும் இலையும் உள்ளே கரியாகி இரும்பில் ஏறும். காற்றுப் புகாததால் கரி எரிந்து வீணாகாது. வெளியே மண், உள்ளே செடி, நடுவே இரும்பு; இவ்வளவுதான் கருவி.

இங்கே நம்மவர்க்கு ஒரு செய்தி. தென்னாட்டுத் தோல் பதனிடுவதில் முதன்மையாகப் பயன்பட்டது ஆவாரம்பட்டை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தாராவித் தோல் தொழிலுக்கு நெல்லைச் சீமையிலிருந்து வந்தவர்களுக்கு அது கைக்குழந்தை மாதிரிப் பழக்கம். தோலை உறுதியாக்கிய அதே செடி இரும்பையும் எஃகாக்கியிருக்கிறது.

சேலத்து அருணாசலம் பெயர் பொறித்த 19ஆம் நூற்றாண்டு வேட்டைக் கத்திகளை இன்றும் சேகரிப்போர் தேடி வாங்குகிறார்கள். பெயரைப் பொறித்ததால் பெயர் நின்றது.

இலண்டன் பட்ட பாடு

இலண்டனில் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி வியாபாரி இந்த எஃகை மிகவும் மதித்தார். கொல்லன் மகனாகப் பிறந்த மைக்கேல் ஃபாரடே 1819இல் இதைப் பகுத்தாய்ந்தார். பின்பு 1820லும் 1822லும் ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து எஃகுக் கலவைகளைப் பற்றி எழுதினார். அலுமினியச் சேர்மமே இதன் சிறப்புக்குக் காரணம் என்று ஃபாரடே கருதினார்; அது சரியன்று என்று பிற்பாடு தெரிந்தது.

சிக்கல் பட்டறையிலும் இருந்தது. இந்த எஃகில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவுக்குக் கரி இருக்கும். மற்ற இரும்பைப் போல வெள்ளையாகக் காய்ச்சிச் சம்மட்டி போட்டால் நொறுங்கிப்போகும். குறைந்த சூட்டில், சின்னச் சின்ன அடியாக, திரும்பத் திரும்பக் காய்ச்சி அடிக்க வேண்டும். நல்ல கொல்லன் என்றால் ஓங்கி அடிப்பவன் என்ற எண்ணம் இங்கே செல்லாது. பொறுத்து அடிப்பவனே நல்ல கொல்லன். அந்த வாள்களின் மேல் ஓடும் நீர்வரிக்கு, தாதுவில் கலந்த வனேடியம் போன்றவற்றின் மிகச் சிறிய அளவே துணைசெய்கிறது என்று அமெரிக்கப் பேராசிரியர் வெர்ஹோவனும், பெண்ட்ரே என்ற கொல்லரும் சேர்ந்து 1998இல் காட்டினார்கள். பேராசிரியரும் கொல்லரும் ஒரே உலையருகே நின்ற பிறகுதான் முடிச்சு அவிழ்ந்தது என்பது கவனிக்கத்தக்கது.

ஆனால் அதற்குள் சேலத்து உலைகள் அணைந்துபோயின. 1856இல் வந்த பெஸ்ஸிமர் முறையால் சீமை எஃகு மலிந்தது. 1878இன் ஆயுதச் சட்டம் படைக்கருவிச் சந்தையைச் சுருக்கியது. 1882இன் சென்னை வனச் சட்டம் கரிக்கு மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தியது. பக்குவம் தெரிந்தவர்கள் அதை ஏட்டில் எழுதவில்லை. கை நின்றதும் வித்தையும் நின்றது.

லாரிப் பட்டையில் மறுபிறப்பு

மூசை போனாலும் பட்டறை போகவில்லை. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அருவாவைத் தெரியாத தமிழர் உண்டா? 2005இல் வந்த சினிமாவுக்கு முன்பே அந்த ஊருக்கு அந்தப் பெயர் உண்டு. இன்றைய அருவாவுக்கு மூலப்பொருள் பெரும்பாலும் பழைய லாரியின் வில்பட்டை. நூற்றுக்கு அரைப் பங்குக்குச் சற்று மேல் கரியும், கொஞ்சம் சிலிக்கானும் கலந்த எஃகு அது. மூசை எஃகின் பக்குவம் இதற்கு உதவாது. புதிதாகப் பாடம் படிக்க வேண்டியிருந்தது.

முதல் தொல்லை, பழைய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல். அதைத் தட்டிப் பார்த்து, ஓசையில் கண்டுபிடிப்பார்கள்; 'கணீர்'னு வந்தா சரி, 'தொப்'புனு வந்தா தள்ளிவிட வேண்டியதுதான். இரண்டாவது, முழுவதையும் தண்ணீரில் தோய்த்தால் வெடிக்கும். அதனால் வாயை மட்டும் தோய்த்து எடுப்பார்கள். முதுகில் மிச்சமிருக்கும் சூடு மெல்ல வாய்ப்பக்கம் இறங்கும். அரத்தால் தேய்த்துப் பளபளப்பாக்கிய இடத்தில் நிறம் ஓடுவதைப் பார்க்கலாம்: முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, ஊதா, கடைசியில் நீலம். மஞ்சள் ஏறத்தாழ 220 டிகிரி, நீலம் 300. மஞ்சளில் நிறுத்தினால் கூர் நிற்கும்; நீலம் வரை விட்டால் அடி தாங்கும். விறகு வெட்டுவதற்கு ஒரு நிறம், மெல்லிய வேலைக்கு ஒரு நிறம். எந்த நிறத்தில் மறுபடி தண்ணீரில் போட வேண்டும் என்பதே அந்தப் பட்டறையின் சொத்து.

நெல்லைச் சீமைப் பனையேறியின் பாளை அரிவாளுக்குச் சோதனை இன்னும் கடுமை. பாளையின் நுனியை இலைமெலிவாகச் சீவ வேண்டும். நைந்தால் பதநீர் ஒழுங்காகச் சுரக்காது. அதனால் பலகையில் வெங்கச்சங்கல் பொடி தூவித் தீட்டிக்கொண்டே இருப்பார்கள். கதிர் அறுக்கிற பன்னருவாவுக்கோ பல் வெட்ட வேண்டும். ஒரே பட்டறைக்குள் இத்தனை கேள்வி, இத்தனை விடை.

நமக்கு என்ன வேலை?

'இரும்படிக்கிற இடத்துல ஈக்கு என்ன வேலை' என்பார்கள். எழுதுகிற நமக்கு அங்கே வேலை இருக்கிறது. மராட்டியர் 'விளி' என்பதை நாம் அருவாமனை என்கிறோம். 'கொய்தா' என்பதை அருவா என்கிறோம். இந்த நகரத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு முதல் சொல் தெரிகிறது, இரண்டாவது தெரிவதில்லை. மும்பை மழைக்காலத்தில் இரும்பு அருவாமனை துருப்பிடிக்காமல் இருக்கத் துடைத்துத் தேங்காயெண்ணெய் தடவ வேண்டும் என்பதுகூட ஆச்சிமாரோடு போய்விடும் போலிருக்கிறது.

தாராவி மறுசீரமைப்புக்காக 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. சதுர அடியை அளக்க அளவு நாடா போதும். நிறம் பார்த்துத் தோய்க்கத் தெரிந்த கண்ணை எதைக்கொண்டு அளப்பது? கொல்லுப் பட்டறை, தோல் பட்டறை, பனங்காடு என்று எதிலிருந்து வந்த பெரியவராக இருந்தாலும், அவர் பயன்படுத்திய கருவியின் பெயர், அதைச் செய்த ஊர், தீட்டிய விதம் ஆகியவற்றைக் கேட்டு எழுதி வைப்போம். அந்தத் தாளில் செய்தவர் பெயர் முதலில் இருக்கட்டும். ஊர் பெயர் அடுத்தது. 1795இல் அப்படி யாரும் எழுதவில்லை. அதனால்தான் தென்னாட்டு உருக்கு பம்பாய் எஃகு ஆயிற்று.