கிதாப் பிறந்த கதை

பக்கத்தைத் திறந்தால் வரிகள் வலமிருந்து இடமாக ஓடும். குர்ஆன் எழுதப்படும் அதே அரபு எழுத்து; உயிர்க்குறிகளும் இட்டிருக்கும். அரபி படித்தவர் எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவார், பொருள் பிடிபடாது. அரபி எழுத்தையே பார்த்திராத பெலருசியக் கிராமத்து மூதாட்டி ஒருவர், யாரேனும் வாசிக்கக் கேட்டால் புரிந்துகொள்வார். ஏனென்றால் அதில் இருப்பது அவருடைய தாய்மொழி. கிதாப் என்பது இதுதான்: பெலருசிய மொழியில் அரபு எழுத்தால் எழுதப்பட்ட முஸ்லிம்களின் கையெழுத்துப் புத்தகம்.

இதன் தொடக்கம் 14ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில். இன்றைய பெலரூஸ் அப்போது லித்துவேனியப் பெருங்கோமகனின் ஆட்சியில் இருந்தது. அதை ஆண்ட வித்தாவுத், தெற்குப் புல்வெளிகளிலிருந்து வந்த தாத்தாரியக் குதிரைவீரர்களைத் தன் நாட்டில் குடியமர்த்தினார். போர் வந்தால் குதிரையோடு வர வேண்டும் என்பது நிபந்தனை. அதற்கு ஈடாக நிலம் கொடுத்தார். மதம் மாறும்படி கேட்கவில்லை. 1410இல் குரூன்வால்ட் களத்தில் ஜெர்மானிய மாவீரர் படையை எதிர்த்து இந்தத் தாத்தாரியரும் நின்றார்கள்.

வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். உள்ளூர்ப் பெண்களை மணந்தார்கள். தாய் பேசியதைப் பிள்ளைகள் பேசினார்கள். சில தலைமுறைகளுக்குள், 16ஆம் நூற்றாண்டிலேயே, தாத்தாரிய மொழி அவர்களுடைய வீடுகளிலிருந்து மறைந்துபோயிற்று. தொழுகை இருந்தது, நோன்பு இருந்தது, பள்ளிவாசல் இருந்தது. ஆனால் ஓதுவதன் பொருளைப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரே ஒரு மொழிதான் மிஞ்சியிருந்தது, அண்டை வீட்டுக் கிறித்தவரும் பேசிய அதே மொழி. மொழியை அண்டை வீட்டாரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள், எழுத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அங்கே பிறந்தது கிதாப். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அரபுத்தமிழ், அதாவது அரபு எழுத்தில் தமிழ், எழுதியவர்களுக்கு இந்தத் தேவை நன்றாகப் புரிந்திருக்கும்.

எழுதத் தொடங்கியதும் ஒரு சிக்கல். பெலருசியப் பேச்சில் உள்ள சில ஒலிகளுக்கு அரபியில் எழுத்தே கிடையாது. 'ப'வுக்கும் 'ச்ச'வுக்கும் பாரசீகம் முன்பே புள்ளியிட்டு எழுத்துகள் செய்து வைத்திருந்தது, அவற்றை எடுத்துக்கொண்டார்கள். 'த்ஸ' போன்ற ஒலிகள் அங்கும் இல்லை. அவற்றுக்காக 'தால்', 'ஸாத்' என்ற இரண்டு எழுத்துகளின் கீழே மும்மூன்று புள்ளிகளை இட்டுப் புது எழுத்துகளை உண்டாக்கினார்கள். இன்று கணினிகளுக்கான யூனிகோடு அட்டவணையில் இந்த இரண்டுக்கும் தனி இடம் உண்டு.

கிதாபில் நபிமார் வரலாறு, மிஃராஜ் பயணம், தொழுகை முறை, அறவுரை, கனவுப் பலன் எல்லாம் சேர்ந்திருக்கும். அதன் உடன்பிறப்புகளும் உண்டு: துஆக்களைக் கொண்ட ஹமாயில், குர்ஆன் வரிகளுக்கிடையே பொருள் எழுதிய தஃப்சீர், ஓதும் முறை சொல்லும் தஜ்வீத். என்னை வியக்கவைப்பது இன்னொன்று. சிமோன் பூத்னி 1572இல் போலிஷ் மொழியில் வெளியிட்ட விவிலியத்திலிருந்து எடுத்த பகுதிகள் சில கிதாபுகளில் இருக்கின்றன. எதிரே நிற்பவனோடு வாதிட வேண்டுமானாலும் அவனுடைய வேதத்தைப் படித்துவிட்டுத்தான் வாதிட்டிருக்கிறார்கள்.

எல்லாக் காலமும் நல்ல காலமாக இருக்கவில்லை. 1609இல் திராக்காய் நகரப் பள்ளிவாசலை ஒரு கூட்டம் இடித்தது. தாத்தாரியரை இழித்துப் பேசும் துண்டு நூல்களும் அச்சாயின. அந்த நூற்றாண்டின் முடிவில் பெலருசிய மொழிக்கே கெட்ட காலம் வந்தது. அரசு அலுவல்களில் போலிஷ் அதன் இடத்தைப் பிடித்தது, மேட்டுக்குடியினரும் பெலருசியத்தைக் கைவிட்டார்கள். தாத்தாரியரின் சமய நூல்களிலும் போலிஷ் கலந்தது. ஆனாலும் கிதாபுகளில் பெலருசியம் உயிரோடிருந்தது. அப்பா வைத்திருந்த பிரதியைப் பார்த்து மகன் எழுதினான். இப்படியே 20ஆம் நூற்றாண்டு வரை கையால் எழுதிவந்தார்கள்.

1915இல், வில்னியூஸுக்கு (அன்று வில்னா) அருகே சோரக் தத்தாரி என்ற ஊரில், இவான் லுத்ஸ்கேவிச் ஒரு கிதாபைக் கண்டார். பெலருசிய மொழிக்குப் புத்துயிர் ஊட்டப் பாடுபட்ட தலைமுறையின் முன்னோடி அவர். அந்தப் பிரதி அவருக்குப் புதையல்தான். காரணம் இருக்கிறது. சிரிலிக் எழுத்தில் எழுதியவர்கள் திருச்சபை நூல்களின் பழைய எழுத்துமுறையைப் பின்பற்றினார்கள். தாத்தாவை 'தேத்' என்று எழுதிவிட்டு, வாயால் 'த்ஸேத்' என்றார்கள். கிதாப் எழுதியவர்களுக்கு அந்த மரபின் கட்டு இல்லை. காதில் விழுந்ததை அப்படியே எழுதினார்கள். நூற்றாண்டுகளுக்கு முன் பெலருசியர் எப்படிப் பேசினார்கள் என்பதற்கான சான்று முஸ்லிம்களின் வேதப் புத்தக அலமாரியில் இருந்தது. மொழியறிஞர் யான் ஸ்தன்கேவிச் அதை ஆராய்ந்தார். 1968இல் அந்தோன் அந்தனோவிச் இந்த எழுத்துமுறை முழுவதையும் விளக்கி வில்னியூஸில் ஒரு நூலே வெளியிட்டார்.

பெலருசியர் பிற பண்பாட்டாரோடு பழகும் விதத்தைப் பேசும்போது அவர்களுடைய பொறுமையையும், விருந்தினருக்கு ரொட்டியும் உப்பும் நீட்டும் வழக்கத்தையும் சொல்வார்கள். இந்தப் பண்பு குணத்தால் மட்டும் வந்ததல்ல, வாழ்ந்த இடத்தாலும் வந்தது என்று நான் நம்புகிறேன். அந்நாட்டின் சிற்றூர்ச் சந்தைகளில் ஆர்த்தடாக்ஸ் உழவரும் கத்தோலிக்கரும் யூத வணிகரும், வெள்ளரி விற்கும் தாத்தாரியத் தோட்டக்காரரும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரு வாரம் கழிந்திருக்காது. இவ்யே அப்படிப்பட்ட ஊர். நான்கு சமயங்களுக்கும் ஒவ்வொரு தூணாக அங்கே 2012இல் ஒரு நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். அவற்றில் ஒன்று யூதர்களுக்கு. அந்த ஊர் யூதர்களில் பெரும்பாலோரை நாஜிகள் 1942இல் படுகொலை செய்துவிட்டார்கள். தூண் நிற்கிறது, மக்கள் இல்லை. மின்ஸ்க் பள்ளிவாசலும் 1962இல் இடிக்கப்பட்டு, 2016இல்தான் மீண்டும் திறந்தது. சேர்ந்து வாழும் பழக்கத்தை அழிக்க ஓர் ஆணை போதும். வளர்க்கத் தலைமுறைகள் வேண்டும்.

பிற பண்பாட்டாரோடு பேசுவது எப்படி என்று இன்று பாடம் நடத்துகிறார்கள். கிதாப் அதற்குச் சொல்லும் விடை எளிது. வந்தவர் ஊர் மொழியைக் கற்க வேண்டும், முழு மனதோடு, பிரார்த்தனையின் பொருளைக்கூட அதில் சொல்லும் அளவுக்கு. ஊரார் அவருடைய எழுத்தையும் தொழுகையையும் பிடுங்கக் கூடாது. இரண்டில் ஒன்று குறைந்தாலும் கிதாப் பிறந்திருக்காது. பிறந்ததால் இரு தரப்புக்கும் ஆதாயம்: தாத்தாரியர் தங்கள் மார்க்கத்தைக் காத்துக்கொண்டார்கள், பெலருசியர் தங்கள் முன்னோரின் குரலைத் திரும்பப் பெற்றார்கள்.