ஏழு மார்க்கும் 5141 பேரும்

தலைப்பைப் பார்த்துட்டு பரீட்சை ரிசல்ட் பதிவுன்னு ஓடி வந்தவங்க மன்னிக்கணும். இது ஹாட்ஜ்கின் லிம்ஃபோமாங்கிற நிணநீர்ப் புற்றுநோயைப் பத்தினது. நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டுறவன். நம்பர் சமாச்சாரம்னா மூக்கை நுழைக்கிற வியாதி உண்டு, அவ்வளவுதான் :-)

1832ல் லண்டன் கய்ஸ் மருத்துவமனையில் இருந்த தாமஸ் ஹாட்ஜ்கின், நிணநீர் முடிச்சுகளும் மண்ணீரலும் வீங்கி இறந்துபோன ஏழு பேரைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினார். பெரும்பாலும் பிரேதப் பரிசோதனையில் கண்டதுதான். அப்புறம் நூறு வருஷத்துக்கும் மேல, யார் பிழைப்பாங்கன்னு கணக்குப் போடவே பெருசா வேலை இருக்கலை.

1960களில் ரேடியேஷன் கொடுத்துக் குணப்படுத்த முடியும்னு ஆனதும் கதை மாறிச்சு. நோய் எங்கெல்லாம் பரவியிருக்குன்னு துல்லியமா தெரியணுமே? அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு டாக்டர்கள் வயித்தைத் திறந்து, மண்ணீரலை எடுத்து, ஈரல்ல ஒரு துண்டு வெட்டிப் பார்த்தாங்க. சிகிச்சைக்கு இல்லைங்க, வெறும் பரிசோதனைக்கு! மண்ணீரல் போனவங்களுக்குக் கிருமித் தொற்று பயம் ஆயுசு முழுக்க. சி.டி. ஸ்கேனும், உடம்பு பூரா போய்ச் சேரும் கீமோ மருந்துகளும் வந்த பிறகுதான் அந்தக் கத்தியைக் கீழே வெச்சாங்க.

ஆனா பரவலை மட்டும் வெச்சு எல்லாத்தையும் சொல்லிட முடியலை. ஒரே கட்டத்துல இருக்கிற ரெண்டு பேர்ல ஒருத்தர் குணமாகிறார், இன்னொருத்தருக்குத் திரும்ப வருது. அங்கேதான் சாதா ரத்தப் பரிசோதனை உள்ளே வருது.

இந்த நோயில் ஒரு விசித்திரம் உண்டு. வீங்கின முடிச்சுக்குள்ள உண்மையான புற்றுநோய் செல்கள் நூத்துல ஒண்ணு ரெண்டுதான் இருக்கும். மீதியெல்லாம் அது கூப்பிட்டு வந்து சேர்ந்த நம்ம சொந்த வெள்ளை அணுக்கள். ஊர்ல நாலு ரவுடி, சுத்தி நானூறு பேர் கூட்டம் மாதிரி. இந்தக் கூட்டம் போடுற சத்தம்தான் ரத்தத்துல கேட்குது. இன்டர்லூகின்-6 மாதிரி சமிக்ஞைப் புரதங்கள் ஈரலுக்குப் போனா, அது ஆல்புமின் தயாரிக்கிறதைக் குறைச்சுக்குது. இரும்புச்சத்து உடம்புல இருந்தும் எலும்பு மஜ்ஜைக்குக் கிடைக்காம ஹீமோகுளோபின் இறங்குது. வெள்ளை அணு மொத்தமா ஏறுது, அதுல லிம்ஃபோசைட் மட்டும் குறையுது. எந்த லேப்லயும் எடுக்கிற டெஸ்ட்தான் எல்லாமே.

1998ல் ஜெர்மனியின் ஹாசன்க்ளெவரும் டீலும் இதைக் கணக்கா மாத்தினாங்க. முன்னவர் புள்ளியியல்காரர். 25 மையங்களிலிருந்து, நோய் முற்றிய நிலையில் இருந்த 5141 பேரோட விவரம். கடைசியில் தேறினது ஏழு அம்சம். நாலு ரத்தத்துல: ஆல்புமின் 4 கிராமுக்குக் கீழ, ஹீமோகுளோபின் 10.5க்குக் கீழ, வெள்ளை அணு 15,000 அல்லது மேல, லிம்ஃபோசைட் 600க்குக் கீழ (அல்லது வெள்ளை அணுவில் 8 சதவீதத்துக்கும் குறைவு). மீதி மூணு: ஆணா இருக்கிறது, வயசு 45 அல்லது மேல, நாலாம் கட்டம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு மார்க். இந்தப் பரீட்சையில முட்டை வாங்கினவன்தான் ஃபர்ஸ்ட்! சைபர் வாங்கினவங்கள்ல 84 சதவீதம் பேருக்கு அஞ்சு வருஷம் நோய் முன்னேறலை. அஞ்சு அல்லது மேல போனா 42.

நண்பர் ஒருத்தரோட தம்பிக்கு இந்த நோய் வந்தப்போ, ரிப்போர்ட்டை வெச்சு ராத்திரியோட ராத்திரியா ஸ்கோர் போட்டாச்சு. மூணு. மூணுன்னா 60 சதவீதம். நண்பர் கேட்டார்: "நூத்துல அறுபதுன்னா, இவன் அறுபதுல வருவானா நாப்பதுல வருவானாடா?"

அதுக்கு அந்த 5141 பேர் கிட்டயும் பதில் இல்லை. இதை ஆய்வாளர்களே எழுதி வெச்சிருக்காங்கங்கிறதுதான் எனக்குப் பிடிச்ச விஷயம். ஆபத்து மிக மிக அதிகமா இருக்கிறவங்களை முதல்லயே பிரிச்செடுத்து கடுமையான சிகிச்சை கொடுக்கலாமேங்கிறது அவங்க ஆசை. அப்படி ஒரு தனிக் கூட்டத்தை இந்த அம்சங்களால பிரிக்க முடியலைன்னு நேர்மையா ஒத்துக்கிட்டாங்க. அஞ்சும் அதுக்கு மேலயும் வாங்கினவங்களே மொத்தத்துல 7 சதவீதம்தான், அவங்கள்லயும் 42 சதவீதம் பேர் நல்லா இருந்தாங்க.

இன்னொண்ணு, ஸ்கோருக்கும் வயசாகும். பழைய டேட்டாவுல ட்ரெயின் பண்ண மாடல், புது சிகிச்சை வந்தா பிசகும். 2012ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 740 பேரை வெச்சு அதே ஏழு மார்க்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தாங்க. சைபர்காரங்களுக்கு 88, அஞ்சும் அதுக்கு மேலயும் வாங்கினவங்களுக்கு 62. மேல் வரிசை கொஞ்சம்தான் நகர்ந்திருக்கு. கீழ் வரிசை 42லிருந்து 62! அதே ரத்தம், அதே மார்க்.

நண்பர் கேட்ட கேள்விக்குக் கொஞ்சமாவது பதில் சொன்னது இத்தாலி, டென்மார்க் டாக்டர்கள் 2007ல் வெளியிட்ட ஆய்வு. 260 பேருக்கு ரெண்டு சுற்று கீமோ முடிஞ்சதும் பெட் ஸ்கேன் எடுத்துப் பார்த்தாங்க. ஸ்கேன் சுத்தமா இருந்தவங்கள்ல 95 சதவீதம் பேர் ரெண்டு வருஷம் நோய் முன்னேறாம இருந்தாங்க. சுத்தமா இல்லாதவங்கள்ல சுமார் 13. இதுக்கு முன்னாடி முதல் நாள் ரத்தத்துல போட்ட மார்க் ஒண்ணுமில்லாம போச்சு.