ரேந்தை பின்னின கைகள்

கையால ஸ்வெட்டர் பின்னுறவங்க ஒண்ணு சொல்லுவாங்க: முதல் வரிசைதான் முக்கியம். ஊசியில கண்ணியை இறுக்கிப் போட்டா ஓரம் விரிஞ்சு கொடுக்காது, தளர்த்திப் போட்டா தொங்கும். தாமிரபரணிக் கரை வெயிலுக்கு ஸ்வெட்டர் எதுக்கு? ஆனா நம்ம தென்சீமையில நூல்ல ஆரம்பிச்ச ஒரு பெரிய கதை இருக்கு. அது ரேந்தை. இப்ப லேஸ்னு சொல்றோம்.

முதல்ல அந்தச் சொல்லைப் பாருங்க. ரேந்தை போர்ச்சுக்கீசியச் சொல். ஜன்னல், சாவி, மேஜை, அலமாரி எல்லாம் வந்த அதே வழியில வந்தது. 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் போர்ச்சுக்கீசியரோட சேர்ந்து கிறிஸ்தவம் தழுவினாங்க. 1658-ல டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடிக்கிற வரை அவங்க செல்வாக்குதான். எதிர்க்கரை இலங்கையில காலி, வெலிகம பக்கம் இன்னைக்கும் இந்தப் பின்னல் நடக்குது. அங்கே இதுக்குப் பேர் பீரளு. அதுவும் போர்ச்சுக்கீசியம்தான்.

நம்ம பக்கம் இது ஒரு தொழிலா வளர்ந்தது நாகர்கோவில்ல. 1819-ல லண்டன் மிஷன் சார்பா சார்லஸ் மால்ட் அங்கே வந்தார். அவர் மனைவி மார்த்தா மால்ட் பெண் பிள்ளைகளுக்கு எழுத்தோட லேஸ் பின்னவும் சொல்லிக் கொடுத்தாங்க.

வேலை எப்படி ஆரம்பிக்கும்னு சொல்றேன். வைக்கோல் மாதிரி எதையாவது இறுக்கித் திணிச்ச தலையணை ஒண்ணு. அது மேல படம் வரைஞ்சு துளை போட்ட கெட்டி அட்டை. நூலோட ரெண்டு முனையிலயும் பாபின்ங்கிற சின்ன மரக்கட்டையைச் சுத்தி, நடு நூலைக் குண்டூசியில மாட்டித் தொங்கவிடணும். அதுதான் ஒரு ஜோடி. முடிச்சே கிடையாது. பின்னல் நடக்கிறது ரெண்டு ஜோடியால, அதாவது நாலு கட்டையால. நடுவுல உள்ள ரெண்டுல இடதை வலது மேல போடணும், பிறகு ஒவ்வொரு ஜோடியிலயும் வலதை இடது மேல முறுக்கணும். முழுக்க இந்த ரெண்டு அசைவுதான். ஆரம்பத்துல ஒரு ஜோடி குறைஞ்சா, பூ வர வேண்டிய இடத்துல நூல் இருக்காது. முடிஞ்சதும் குண்டூசிகளை எடுத்தாலும் பின்னல் கலையாம நிக்கும்.

பனையோலைப் பெட்டி முடையுறதும் இப்படித்தான். அடி சரியா அமையலேன்னா பெட்டி கோணிக்கிடும். பனங்காட்டுப் பெண்களோட விரல் இதை சட்டுனு பிடிச்சதுக்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன்.

ஆனா அந்தக் காலத் திருவிதாங்கூரை நினைச்சுப் பாருங்க. தாழ்த்தி வைக்கப்பட்ட சாதிப் பெண்கள் தோளை மூடக் கூடாது. மூடினா அடி, கிழிப்பு. 1822-ல கிளம்பின தோள்சீலைக் கலகம், 1859-ல ராஜா அறிவிப்பு போடுற வரை நீண்டுச்சு. அடிமை முறை சட்டப்படி ஒழிஞ்சதே 1855-ல. தன் தோள்ல துணி போட உரிமை இல்லாத காலத்துலதான் அந்தப் பெண்கள் வெள்ளைக்காரச் சீமாட்டிகளோட கழுத்துப்பட்டிக்குப் பூப்பூவா லேஸ் பின்னினாங்க. அந்தக் கூலியைச் சேர்த்து, தங்களையே விலைக்கு வாங்கி விடுதலை ஆன பெண்களும் உண்டுன்னு மிஷன் வரலாறு சொல்லுது. இதைப் படிச்சப்ப மனசு கனத்துப் போச்சு.

மார்த்தாவோட மகள் எலிசா 1822-ல நாகர்கோவில்லயே பிறந்தவங்க. தமிழ் அவங்களுக்குக் குழந்தையிலயே வந்த மொழி. 1844-ல ராபர்ட் கால்டுவெல்லைக் கல்யாணம் முடிச்சு, தேரிக்காட்டு இடையன்குடிக்கு வந்தாங்க. அங்கே பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கினாங்க. லேஸும் கூடவே வந்தது. கால்டுவெல்லை நமக்கு நல்லாத் தெரியும். 1856-ல திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதினவர், பக்கத்துக் கொற்கையில தோண்டிப் பார்த்தவர். சிலையெல்லாம் இருக்கு. எலிசா பேரைச் சொன்னா "யாரு அது?"ங்கிறாங்க. அப்போ தலையணைக்கு முன்னால குனிஞ்சு உட்கார்ந்து பின்னின நம்ம ஊர்ப் பெண்களோட பேரை யார் எழுதி வச்சா?

நம்ம ஆதிச்சநல்லூர்ப் பரம்புல தாழியும் இரும்பும் ஆயிரக்கணக்கான வருசம் தாங்கிக் கிடந்துச்சு. 2023-ல குழியை அப்படியே வச்சு மேல கண்ணாடி போட்டு, ஜனங்க பார்க்கிற மாதிரி செஞ்சுட்டாங்க. நல்ல காரியம். ஆனா நூல் தாழி இல்லையே. கரையான் அரிக்கும், மட்கிப் போகும். அதைப் பின்னத் தெரிஞ்ச கையும் அப்படித்தான்.

அதனால ஒண்ணு கேட்டுக்கிடுறேன். உங்க ஆச்சியோட பழைய ரவிக்கை ஓரத்துலயோ, கோயில் பீடத் துணியிலயோ, டிரங்குப் பெட்டி அடியிலயோ கைப்பின்னல் ரேந்தை இருந்தா, பழசுன்னு தூக்கிப் போட்றாதீங்க. பின்னினது யாரு, எந்த ஊரு, என்ன கூலி கிடைச்சுதுன்னு வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டு ஒரு தாள்ல எழுதி, அந்தத் துணியோட சேர்த்து மடிச்சு வைங்க.