ஸ்தெஃபானின் ஐவர்: ஐந்தில் ஒருவர் வேற்றூர்க்காரர்

பூரட்டாதி, உத்திரட்டாதி என்ற நட்சத்திரப் பெயர்களை ஜாதகம் பார்க்காதவர்களும் அறிவார்கள். இவ்விரண்டின் விண்மீன்களும் சேர்ந்து அமைவதே மேலைநாட்டார் சொல்லும் பெகாசஸ் சதுரம். அதன் வடமேற்கு மூலைக்கு அருகில் எட்டா பெகாசி என்றொரு விண்மீன் உண்டு. அங்கிருந்து வடக்கே, சற்று மேற்காக நான்கு பாகை நகர்ந்தால் என்ஜிசி 7331 என்னும் சுருள் காலக்ஸி. அதற்குத் தெற்கே அரைப் பாகையில் இருப்பதுதான் ஸ்தெஃபானின் ஐவர். அக்டோபர் மாலைகளில் டொரான்டோவில் கிட்டத்தட்ட உச்சிக்கே வரும். சிட்னி நண்பர்களுக்கு அடிவானத்திலிருந்து 22 பாகைதான்.

மார்சேய் வானாய்வகத்தின் எதுவார் ஸ்தெஃபான் 1870களில், ஃபூக்கோ செய்த 80 செ.மீ. ஆடித் தொலைநோக்கியால் இவற்றைக் கண்டார். ஐந்தில் இரண்டு ஒன்றையொன்று உரசிக்கொண்டிருப்பதால் பட்டியலில் அவற்றுக்கு ஒரே எண்: 7318. பிற்பாடுதான் ஏ, பி என்று பிரித்தார்கள். 7317, 7318ஏ இரண்டும் நீள்வட்ட வகை. 7318பி, 7319, 7320 மூன்றும் சுருள்கள். 7319-இன் மையம் மட்டும் மிகையாக ஒளிர்கிறது. அங்கே ஒரு பெருங்கருந்துளை இரை விழுங்கிக்கொண்டிருக்கிறது.

கண்ணால் பார்க்க நல்ல இருட்டும் 8 அல்லது 10 அங்குலத் தொலைநோக்கியும் தேவை. நேராக உற்றுப் பார்த்தால் மறைந்துவிடும். ஓரக்கண்ணால் பார்த்தால் சாம்பல் பூச்சாகத் தெரியும். அவ்வளவுதான் கிடைக்கும், வண்ணத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

படம் பிடிப்பதில்தான் விஷயம் சுவையாகிறது. ஐவரும் அடங்கும் பரப்பு நான்கு கலை அகலம், அதாவது முழுநிலவின் எட்டில் ஒரு பங்கு. 400 மி.மீ. லென்ஸ் வைத்தால் சென்சாரில் அரை மில்லிமீட்டர்கூட வராது. 2000 மி.மீ. குவியத் தொலைவு இருந்தால் 2.3 மி.மீ. கிடைக்கும். ஐந்து நிமிடப் படங்களாகப் பல மணி நேரம் எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கூட்ட வேண்டும். அப்போது நான்கு காலக்ஸிகள் மஞ்சள் சாய்ந்தும், 7320 மட்டும் நீலம் சாய்ந்தும் தெரியும்.

அந்த நீலக்காரர் உண்மையில் இந்தக் குழுவைச் சேர்ந்தவரா? 1961-இல் மார்கரெட், ஜெஃப்ரி பர்பிட்ஜ் தம்பதியர் நிறமாலையை அளந்து வெளியிட்ட முடிவு பெரிய குழப்பத்தைக் கிளப்பியது. மற்றவை நொடிக்கு 5,700 முதல் 6,700 கி.மீ. வேகத்தில் விலகிச் செல்ல, 7320-க்கு வெறும் 800 கி.மீ. ஹால்டன் ஆர்ப் என்ற அமெரிக்க வானியலாளர், ஐந்தும் ஒரே தூரத்தில்தான் உள்ளன, செம்பெயர்ச்சியைத் தூரத்தின் அளவுகோலாக நம்பக்கூடாது என்று வாதிட்டார். அவர் சொன்னது சரியென்றால் விரியும் பிரபஞ்சக் கணக்கே ஆட்டம் கண்டிருக்கும். ஆர்ப் தோற்றார். ஆனால் கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டார் என்பது என் அபிப்பிராயம். 2022 ஜூலையில் வெளியான வெப் தொலைநோக்கிப் படத்தில் 7320-இன் விண்மீன்கள் தனித்தனியாகவே தெரிந்தன. அது சுமார் 4 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. மற்றவை 29 கோடி.

இந்த வேறுபாட்டை ஓரளவு நம் கொல்லைப்புறத்திலேயே பார்க்கலாம். புதிய விண்மீன்கள் பிறக்கும் ஹைட்ரஜன் முகில்கள் 656.3 நானோமீட்டரில் சிவப்பாக ஒளிரும். 7320-இன் வேகத்துக்கு அது 658-க்கு நகர்கிறது. கடைகளில் கிடைக்கும் 7 நானோமீட்டர் அகல எச்-ஆல்ஃபா வடிகட்டி அதை உள்ளே விடும். 7319-இன் அதே ஒளி 671-க்குப் போய்விடுவதால் அந்த வடிகட்டியில் சிக்காது. கந்தகத்துக்கென்று விற்கும் 672 வடிகட்டியில்தான் சிக்கும். இரண்டையும் எடுத்து ஒப்பிட்டால், முதலாவதில் 7320-இன் கைகளில் மட்டும் முடிச்சு முடிச்சாக ஒளி இருக்கும்.

மற்ற நால்வரின் குடும்பமும் அமைதியானதல்ல. 7318பி நொடிக்குச் சுமார் 900 கி.மீ. வேகத்தில் நம்மை நோக்கிய திசையில் உள்ளே பாய்ந்துகொண்டிருக்கிறது. அந்த மோதலின் அதிர்வலை நம் பால்வீதியை விட நீளம். 2006-இல் ஸ்பிட்ஸர் தொலைநோக்கி அங்கே கொதித்த ஹைட்ரஜன் மூலக்கூறுகளின் அகச்சிவப்பு ஒளியைக் கண்டது.