வான்குதிப்புக் கருவிகள்

வான்குதிப்புக் கருவிகள் என்பவை, விமானத்திலிருந்து விளையாட்டாகக் குதிப்போர் உடலில் அணிந்துசெல்லும் பாராசூட் பொதியும் அதன் துணைச் சாதனங்களும் ஆகும். ஸ்கைடைவிங் எனப் பரவலாக அறியப்படும் இவ்விளையாட்டில், ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் குதிப்பவர் ஒரு நிமிடம்போல் தடையின்றி விழுகிறார். ஆயிரம் மீட்டரை ஒட்டிய உயரத்தில் பாராசூட்டை விரிக்கிறார். முதுகில் சுமக்கும் ஒரே பொதிக்குள் இரண்டு பாராசூட்டுகள் இருக்கும். வழக்கமாக விரிப்பது மெயின். அது கைவிட்டால் விரிப்பது ரிசர்வ்.

அமெரிக்காவில் 1970களில் ஆண்டுக்குச் சராசரியாக நாற்பதுக்கும் மேற்பட்டோர் இவ்விளையாட்டில் உயிரிழந்தனர். 2021இல் சுமார் 35 லட்சம் குதிப்புகளில் உயிரிழந்தோர் 10 பேர். கருவிகள் மேம்பட்டது இதற்கு ஒரு பெருங்காரணம். ஆனால் மிச்சமுள்ள விபத்துகளில் கணிசமானவை, எந்தக் கோளாறுமின்றி முழுதாக விரிந்த பாராசூட்டின் கீழேயே நடக்கின்றன. பாராசூட் திறக்குமா என்று புதியவர் கேட்கிறார். திறந்தபின் அதை உங்களால் தரையிறக்க முடியுமா என்று பயிற்றுநர் கேட்கிறார். கருவித் தேர்வில் இரண்டாவது கேள்விக்கே கனம் அதிகம்.

பொதியின் அமைப்பு

அமெரிக்கக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் விதிப்படி ரிசர்வும், உடலில் மாட்டும் பட்டையமைப்பான ஹார்னஸும் தரச்சான்று பெற்றிருக்க வேண்டும். ரிசர்வை, ரிக்கர் எனப்படும் உரிமம் பெற்ற பாராசூட் பராமரிப்பாளர் மட்டுமே மடித்து முத்திரையிடலாம். 180 நாட்கள் கடந்தால், ஒருமுறைகூடப் பயன்படுத்தாவிட்டாலும், பிரித்துச் சோதித்து மீண்டும் மடிக்க வேண்டும். 2008 டிசம்பர் வரை இந்தக் கெடு 120 நாட்களாக இருந்தது. மெயினுக்கு இத்தகைய சான்று தேவையில்லை, குதிப்பவரே மடித்துக்கொள்ளலாம்.

இன்றைய விளையாட்டுப் பாராசூட்டுகள் வட்டக் குடைகள் அல்ல. இரண்டு துணிப் பரப்புகளுக்கிடையே முன்பக்கம் திறந்த அறைகளை வைத்துத் தைத்த சிறகுகள் இவை. காற்று முன்வாய் வழியே புகுந்து அறைகளை நிரப்பி, துணியை விறைப்பான இறக்கையாக்குகிறது. டொமினா ஜால்பெர்ட் 1966இல் காப்புரிமை பெற்ற வடிவத்திலிருந்து வளர்ந்தவை இவை. பொதுவாக ஏழு அல்லது ஒன்பது அறைகள் இருக்கும். ஏழறைச் சிறகு நிதானமாகவும் நேர்ச்சீராகவும் திறக்கும். ஒன்பதறைச் சிறகு தட்டையாக நெடுந்தூரம் மிதக்கும், தரைதொடும் நேரத்தில் கூடுதல் தூக்குவிசையும் தரும்.

ஹார்னஸில் கூர்ந்து பார்க்கத்தக்க பொருள் தோளருகே உள்ள மூவளையப் பூட்டு. ஃபுளோரிடாவின் பில் பூத் 1970களில் உருவாக்கியது. பெரிய வளையம் ஹார்னஸில் தைக்கப்பட்டிருக்கும். பாராசூட்டின் நூல்களைத் தாங்கும் ரைசர் பட்டையில் உள்ள நடுவளையம் அதனுள் நுழைந்து மடங்கும். சின்ன வளையம் நடுவளையத்தினுள் நுழைந்து மடங்கும். சின்ன வளையத்தை ஒரு நூல்வளையம் பிடித்திருக்க, அந்த நூல்வளையத்தை மஞ்சள் உறையிட்ட கம்பி ஒன்று பிடித்திருக்கும். ஒவ்வொரு வளையமும் நெம்புகோலாக வேலைசெய்வதால், தோளில் முழு உடல் எடையும் தொங்கினாலும் கடைசி நூல்வளையத்துக்கு வந்துசேரும் இழுவிசை மிகச் சொற்பம். வலப்பக்கக் கைப்பிடியை இழுத்துக் கம்பியை உருவினால் இரு தோள்களிலிருந்தும் மெயின் கழன்றுவிடும். இடப்பக்கக் கைப்பிடி ரிசர்வைத் திறக்கும். இவ்வளவு எளிய அமைப்புக்கும் பராமரிப்பு உண்டு. பல நாள் அசையாமல் கிடந்தால் ரைசர் பட்டை விறைத்து வளையங்களின் வடிவிலேயே நின்றுவிடும். எனவே மாதம் ஒருமுறையாவது பூட்டைக் கழற்றிப் பட்டையை நன்றாக மடக்கி நெகிழ்த்த வேண்டும்; கம்பியின் அழுக்கையும் துடைக்க வேண்டும்.

மெயினின் அளவு

பாராசூட் தேர்வின் மையம் சிறகுச் சுமை. விமானத்தை விட்டு வெளியேறும்போது உடல், உடை, பொதி ஆகிய அனைத்தின் எடையையும் பவுண்டில் கணக்கிட்டு, சிறகின் பரப்பைச் சதுர அடியில் எடுத்து வகுத்தால் கிடைப்பது இது. 75 கிலோ எடையுள்ளவர் உடையும் பொதியுமாக 86 கிலோ, அதாவது ஏறக்குறைய 190 பவுண்டு வருவார். அவருக்கு 190 சதுர அடிச் சிறகு 1.0 என்ற சுமையைத் தரும். 150 சதுர அடி 1.27, 120 சதுர அடி 1.58. சுமை கூடக்கூட முன்னோக்கு வேகம், இறங்கு வேகம், திருப்பத்தில் இழக்கும் உயரம் மூன்றும் கூடும். மாணவர்களுக்கு 1.0க்குக் கீழுள்ள பெரிய சிறகுகளே தரப்படுகின்றன.

அந்த எண் மட்டும் முழுக்கதை அல்ல. ஒரே 1.2 சுமையில் பறந்தாலும் 120 சதுர அடிச் சிறகு 190 சதுர அடிச் சிறகைவிடத் துடிப்பாக நடந்துகொள்ளும். அதன் நூல்கள் குட்டை, ஊசலாட்டம் விரைவு. ஆகவே எடை குறைந்தவர்கள், குறிப்பாகச் சிற்றுடல் கொண்ட பெண்கள், எண்ணை மட்டும் நம்பிச் சிறிய சிறகுக்குப் போவது ஆபத்து. சிறகின் வடிவமும் இங்கே வருகிறது: நீள்சதுரம் மன்னிக்கும், ஓரங்கள் குறுகும் நீள்வட்டம் மன்னிக்காது. வெப்பமான நாளிலும் மேட்டுநிலக் குதிப்புத் தளத்திலும் காற்றின் அடர்த்தி குறைவதால், பழகிய சிறகே வேகமாக இறங்கும்.

பாராசூட் பயிற்றுநர் பிரையன் ஜெர்மெய்ன் முன்வைத்த ஒரு கணக்கு பல தளங்களில் புழங்குகிறது: 1.0இல் தொடங்கி, நூறு குதிப்புக்கு 0.1 வீதம் சிறகுச் சுமையை உயர்த்தலாம். இதை உச்சவரம்பாகக் கொள்ள வேண்டும். எட்டிப்பிடிக்க வேண்டிய இலக்காக எடுத்துக்கொள்வோரே அதிகம் என்பது வேறு விஷயம். ஒரு படி சிறிய சிறகுக்கு மாறும் முன், கையிலுள்ள சிறகில் செய்துகாட்ட வேண்டியவை சில உண்டு: உயரம் இழக்காமல் தட்டையாகத் திரும்புதல், பிரேக் பிடித்தபடி திரும்புதல், குறுக்குக் காற்றில் இறங்குதல், குறித்த இடத்தில் திரும்பத் திரும்ப நின்றபடி இறங்குதல். தரைக்கருகே தடையைக் கண்டு பதறி ஒரு பக்கப் பிரேக் கைப்பிடியை முழுதாக இழுப்பதுதான் பல மரணங்களின் கதை. அந்தக் கணத்தில் பெரிய சிறகு எலும்பை முறிக்கலாம். சிறிய சிறகு ஆளைக் கொல்லும்.

முதல் பொதி வாங்குவோரைத் தவறான அளவுக்குத் தள்ளுவது பெரும்பாலும் பாராசூட்டுகளை அடக்கும் பையின் கணக்கு. ஒவ்வொரு பையும் குறிப்பிட்ட அளவுச் சிறகுக்கென்றே தைக்கப்படுகிறது. அதில் ஓர் அளவு முன்பின் அடங்கும், அதற்கு மேல் அடங்காது. இன்னும் ஓராண்டில் சிறிய சிறகுக்குப் போகத்தானே போகிறோம் என்று சிறிய பையை இன்றே வாங்குபவர், பைக்கேற்ற சிறகை இன்றே பறக்க நேர்கிறது. ரிசர்விலும் இதே கதைதான். மெலிந்த பை அழகு என்பதால் ரிசர்வைச் சிறிதாக்குகிறார்கள். ரிசர்வ் தேவைப்படும் நேரமோ, பழகாத இடத்தில், தாழ்ந்த உயரத்தில், சிலசமயம் நினைவிழந்த நிலையில் இறங்க வேண்டிய நேரம். பெரிய ரிசர்வுக்காக ஒரு விரற்கடை தடித்த பையைச் சுமப்பதில் நட்டம் எதுவும் இல்லை.

உடலுக்கேற்ற ஹார்னஸ்

தோளிலிருந்து இடுப்புவரை செல்லும் முதன்மைப் பட்டையின் நீளமே ஹார்னஸின் அளவைத் தீர்மானிக்கிறது. இதைக் குதிப்பவர் மாற்ற முடியாது; தொழிற்சாலையிலோ, உயர்நிலை உரிமம் பெற்ற ரிக்கரிடமோ வெட்டித் தைக்க வேண்டும். பட்டை நீளமாக இருந்தால் பாராசூட் திறக்கும் இழுப்பில் ஹார்னஸ் மேலேறி, கைப்பிடிகள் வழக்கமான இடத்தைவிட்டு நகர்ந்துவிடும். ஆபத்தில் கை தானாகப் போகும் இடத்தில் கைப்பிடி இல்லாமல் போவதுதான் இதன் விபரீதம். குட்டையாக இருந்தால் தோளும் தொடையும் இறுகி, விழும்போது முதுகை வளைக்க முடியாது. நின்ற நிலையில் அணிந்து பார்ப்பது போதாது. கொக்கியில் தொங்கவிட்டு, இரு கைப்பிடிகளையும் கண்ணால் பார்க்கவும் கையால் எட்டவும் முடிகிறதா என்று சோதிக்க வேண்டும்.

காற்பட்டைகள் இரண்டும் சமமாக இறுகியிருக்க வேண்டும். ஒன்று தளர்ந்தால் நேராகப் பறக்கும் சிறகும் ஒரு பக்கம் இழுக்கும். நின்றும் தலைகீழாகவும் விழுவோர், காற்பட்டைகள் முழங்காலை நோக்கி வழுக்காதபடி இரண்டையும் பின்னால் ஒரு நெகிழ்கயிற்றால் இணைத்துக்கொள்வர். மார்புப் பட்டையைத் தவறாகக் கோப்பது பழைய, இன்றும் தொடரும் பிழை. வெளிப்பார்வைக்குப் பூட்டியதுபோல் தெரியும். இழுவிசை வந்ததும் உருவிக்கொள்ளும். பயணத்தில் பக்கத்து இருக்கைக்காரர் ஒருமுறை பார்த்துச் சொல்வது இதனால்தான். திறந்தபின் அதே மார்புப் பட்டையை ஓரளவு தளர்த்தினால் ரைசர்கள் விலகி, சிறகு தட்டையாக விரிந்து நன்றாக மிதக்கும்.

நூல்களும் பிரேக்கும்

பாராசூட் திறக்கும்போது, நூல்களின் வழியே இறங்கிவரும் ஸ்லைடர் என்னும் சதுரத் துணி விரிவின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. அதன் உலோகக் கண்கள் நூலில் உரசி எழுப்பும் வெப்பத்தில் ஸ்பெக்ட்ரா நூல்கள் காலப்போக்கில் சுருங்கும். எல்லா நூலும் ஒரேயளவு சுருங்குவதில்லை. ஓரத்து நூல்களும், அவற்றிலும் பிரேக் நூல்களும் அதிகம் சுருங்கும். சில நூறு குதிப்புகளுக்குப் பின், நன்றாகப் பறந்த சிறகு திறக்கையில் ஒரு பக்கம் திரும்புகிறது, இறங்கும்போது முன்போல் பிடிக்கவில்லை என்று தோன்றினால் பெரும்பாலும் காரணம் இதுதான். சிறகைக் குறைசொல்லி விற்பதற்கு முன் நூல்களை அளந்து பார்ப்பது மலிவு. வெக்ட்ரான் நூல் சுருங்காது, ஆனால் தேயும். டேக்ரான் தடித்தது, நெகிழ்வது. திறப்பதில் மென்மை தருவதால் மாணவர் சிறகுகளில் இன்றும் உண்டு.

பிரேக் நூலின் நீளத்தைச் சோதிக்க எளிய வழி ஒன்று உள்ளது. பாதுகாப்பான உயரத்தில் பிரேக் கைப்பிடிகளை முழுதாக மேலே விட்டு, சிறகின் பின்விளிம்பை அண்ணாந்து பார்க்க வேண்டும். நூல்கள் காற்றில் லேசாகப் பின்னோக்கி வளைந்து தொங்கினால் சரி. நேராக விறைத்து விளிம்பைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தால் நூல் குட்டை. அந்தச் சிறகு எப்போதும் அரைப் பிரேக்கில் பறக்கிறது, முன்ரைசரை இழுத்தால் குதிரைபோல் உதறும். வளைவு மிதமிஞ்சினால் நூல் நீளம்; கையை முழுதாக இறக்கினாலும் தரையிறக்கத்தின் பிடிப்பு பாதியில் நின்றுவிடும். கைப்பிடியில் நூல் முடிந்த இடத்தை ஓரிரு அங்குலம் நகர்த்தி, மறுபடி பறந்து பார்த்து, மறுபடி நகர்த்த வேண்டும். இரு பக்கமும் ஒரே அளவு நகர்த்துவதும், முடிச்சை ரிக்கரிடம் காட்டுவதும் கட்டாயம். கைகள் குட்டையானவருக்கும் நெட்டையானவருக்கும் ஒரே நீளம் பொருந்தாது என்பதால், கடன் வாங்கிய பொதியில் இறங்கும்போது தடுமாறுவது இயல்பே.

பாராசூட் வெடுக்கென்று திறந்து கழுத்தை நோகவைக்கிறது என்ற புகாருக்கு விடை பல இடங்களில் இருக்கலாம். வேகம் தணியாமல் விரித்திருக்கலாம். நூல்களைப் பிடிக்கும் ரப்பர்கள் தளர்ந்து, நூல் மொத்தமாகக் கொட்டியிருக்கலாம். மடிக்கும்போது ஸ்லைடர் மேல்நிறுத்தத்தை எட்டாமல் வழுக்கியிருக்கலாம். இவை எல்லாம் பார்த்த பிறகே பெரிய ஸ்லைடர் தேடிப் போக வேண்டும்.

மூடு நூலும் பைலட் சூட்டும்

மெயின் பையின் மடல்களை மூடி வைத்திருப்பது ஒரு சிறு நூல்வளையமும் அதில் செருகிய வளைந்த ஊசியும் மட்டுமே. பொதியிலேயே மிக மலிவான பாகம் அந்த நூல். பஞ்சாய்ப் பிசிறினாலோ, ஊசி விரல்பட்டால் நழுவும் அளவுக்குத் தளர்ந்தாலோ மாற்ற வேண்டும். சிறிய சிறகுக்கு மாறியவர்கள் இதைக் குட்டையாக்க மறந்துவிடுகிறார்கள். வயிற்றுப் பக்கம் கீழாக விழும்போது வேகம் மணிக்கு 190 கிலோமீட்டர் அளவில் இருக்கும். தலைகீழாக விழும்போது 250ஐத் தாண்டும். அந்த வேகத்தில் எதிர்பாராமல் பை திறந்தால் சிறகும் கிழியலாம், ஆளும் காயப்படலாம். நேர் மேலே மற்றொருவர் விழுந்துகொண்டிருந்தால் இருவருக்கும் ஆபத்து.

ஊசியை உருவுவது, கையால் வீசப்படும் பைலட் சூட் என்னும் குட்டிப் பாராசூட். பையின் அடிவிளிம்பில் நெகிழ்துணிப் பாக்கெட்டுக்குள் இருக்கும். பாக்கெட் தொளதொளத்தால் அதுவும் தானாக வெளியேறும். மெயின் திறந்ததும் பைலட் சூட்டைச் சுருக்கிவிடும் உள்நூலும் நாளடைவில் சுருங்கும். அப்போது பைலட் சூட் முழுதாக விரியாமல் முதுகுக்குப் பின்னால் இழுபட்டுக்கொண்டே வரும். நீளத்தை அவ்வப்போது சோதித்தால் இது நேராது.

தானியங்கித் திறப்பானும் பிறவும்

நினைவிழந்தவருக்கும் உயரம் மறந்தவருக்கும் கடைசிக் காவல் தானியங்கித் திறப்பான். ஜெர்மனியில் ஹெல்முட் க்ளாத் உருவாக்கி 1991இல் வெளிவந்த சைப்ரஸ் இவ்வகையில் பெயர்பெற்றது. காற்றழுத்தத்தைக் கொண்டு உயரத்தையும் வேகத்தையும் கணித்து, தரையிலிருந்து சுமார் 225 மீட்டர் உயரத்தில் வேகம் நொடிக்கு 35 மீட்டருக்கு மேலிருந்தால் ரிசர்வின் மூடு நூலை வெட்டிவிடும். மாணவர் வகை நொடிக்கு 13 மீட்டரிலேயே இயங்கும். புறப்பட்ட தளமும் இறங்கும் தளமும் வெவ்வேறு உயரத்தில் இருந்தால் வேறுபாட்டைப் பதிவுசெய்ய வேண்டும். சிறு சிறகில் வேகச் சுழற்சியுடன் தரையிறங்குவோருக்குச் சாதாரண வகை ஒவ்வாது. அச்சுழற்சியிலேயே இறங்கு வேகம் நொடிக்கு 35 மீட்டரை எட்டக்கூடும்.

மெயினைக் கழற்றியதும் ரிசர்வைத் திறக்கும் இணைப்புக் கயிறு பெரும்பாலோருக்கு நன்மையே. விலகிச்செல்லும் மெயினையே பைலட் சூட்போல் பயன்படுத்தி ரிசர்வை இழுத்தெடுக்கும் ஸ்கைஹுக் போன்ற அமைப்புகள், தாழ்ந்த உயரத்தில் கழற்றுபவருக்குப் பெரிய அனுகூலம். நெற்றியில் கேமரா பொருத்தியவர்கள் இவற்றைப் பற்றி இன்றும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். கேமராவுக்கு 200 குதிப்புகளாவது முடித்திருக்க வேண்டும் என்பது அமெரிக்கப் பாராசூட் சங்கத்தின் பரிந்துரை. சாதனம் மிகச் சிறிதானாலும் அதில் நூல் சிக்கும் என்பதும், கவனம் உயரமானியை விட்டு அகலும் என்பதுமே காரணம்.

உடையைத் தேர்வது விழும் வேகத்துக்காக. கனத்தவர் தளர்வான உடையணிந்து மெதுவாக்கிக்கொள்வர். இலகுவானவர் இறுக்கமாக அணிந்து, தேவையானால் ஈயப் பட்டையும் கட்டுவர். காலணியில் கொக்கி கூடாது. கையில் கட்டும் உயரமானியே முதன்மை. தலைக்கவசத்துக்குள் ஒலிக்கும் எச்சரிப்பானை நம்பி உயரமானியைப் பார்க்காமல் விடுவது பயிற்சிக் குறை.

பழைய பொதி வாங்குதல்

முதல் பொதியைப் பழையதாக வாங்குவதே பொது வழக்கம். விலையைப் பெரிதும் நிர்ணயிப்பது துணியின் நிறமல்ல, தானியங்கித் திறப்பானின் மிச்ச ஆயுள். காலாவதி நெருங்கியதென்றால் விலையில் கழிக்கச் சொல்லலாம். அடுத்து நூல்களின் வயது, மெயினில் ஆன குதிப்புகள், ரிசர்வ் அட்டையில் உள்ள ரிக்கர் கையெழுத்துகள். துணியின் வலிமையை வெயில் தின்றுவிடும். தளத்து வெளியில் பல மணிநேரம் விரித்துக் கிடந்த சிறகைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. விற்பவர் சம்மதித்தால், பணத்தை ரிக்கரிடமோ தளத்திடமோ ஒப்படைத்துவிட்டு, பொதியை முழுதாகப் பிரித்துச் சோதித்த அறிக்கை கையில் வந்தபின் விடுவிப்பது நடைமுறை. அறிக்கை வந்தபின்பும், வாங்குபவர் தம் உடல்மீது மாட்டித் தொங்கிப் பார்க்காமல் பேரத்தை முடிப்பதில்லை.