தோட்டத்து மருந்தறையும் பள்ளி ஆய்வுக்கூடமும்: கிள்ளான் பள்ளத்தாக்கில் மருத்துவ அறிவியல் கல்வி

கிள்ளானிலோ கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலோ ஒரு பிள்ளை நான்காம் படிவத்தில் உயிரியல் எடுத்துவிட்டால் போதும், டாக்டரா, தாதியா, மருந்தாளரா என்ற பேச்சு வீட்டில் தொடங்கிவிடும். பாடப் புத்தகத்திலிருந்து மருத்துவமனைக்கு நேராக ஒரு பாதை எப்போதும் இருந்ததுபோல நாம் பேசுகிறோம். வரலாறு அப்படியில்லை. இந்த வட்டாரத்துக்கு முதலில் வேண்டியிருந்தது மருத்துவமனை ஆள். அதற்கான பாடம் பள்ளிக்குள் நுழையப் பல பத்தாண்டுகள் ஆயின. நுழைந்த பிறகும் எல்லார்க்கும் ஒரே நேரத்தில் கிடைக்கவில்லை.

தேவையை உண்டாக்கியது மலேரியா. 1901 ஜனவரியில் மால்கம் வாட்சன் மாவட்ட மருத்துவராகக் கிள்ளானுக்கு வந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகம், திறக்கப்பட்டது. அந்த ஆண்டில் மட்டும் கிள்ளானிலும் துறைமுகத்திலுமாகக் காய்ச்சலால் இறந்தவர்கள் 368 பேர். கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்று ரொனால்ட் ராஸ் இந்தியாவில் கண்டறிந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. வாட்சன் அதை நம்பிச் சதுப்பு நிலங்களை வடித்தார், காடு வெட்டப்பட்டது. மறு ஆண்டு காய்ச்சல் மரணங்கள் 59. கோலாலம்பூரில் 1900-இலேயே தொடங்கிய மருத்துவ ஆய்வுக் கழகமும் இதே காலத்துப் பிள்ளைதான்.

நகரத்தைக் காப்பாற்றியது வடிகால் என்றால் ரப்பர்த் தோட்டத்தில் அந்த வேலை டிரஸர் எனப்பட்ட மருத்துவ உதவியாளர் தலையில் விழுந்தது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆட்களை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவரும் மலேரியா மருந்தான கொய்னாவை வாயில் போட்டு விழுங்கும் வரை பார்த்திருக்க வேண்டும். கசப்பைத் துப்பிவிடுவார்கள் என்ற பயம். பிறகு புண்ணுக்குக் கட்டு, பிரசவம், பாம்புக்கடி, மருத்துவமனைக் கணக்கு. அவ்வப்போது வந்துபோகும் மருத்துவர் இல்லாத நாட்களில் டிரஸரே மருத்துவர். அந்த வேலைக்கு ஆங்கிலப் படிப்பு வேண்டும். அதனால் பெரும்பாலும் மலையாளிகளும் யாழ்ப்பாணத் தமிழருமே அதில் அமர்ந்தார்கள். தோட்டத் தமிழ்ப்பள்ளி மிஞ்சினால் ஆறாம் வகுப்பு வரை போகும். பால்மரம் வெட்டுகிறவரின் பிள்ளை அந்த நாற்காலியை எட்ட அதில் வழியில்லை. இந்தத் தொழிலைப் பதிவுக்கு உட்படுத்திய தோட்ட மருத்துவ உதவியாளர் சட்டமே 1965-இல்தான் வந்தது.

கோலாலம்பூர் நகரத்தில் நிலைமை வேறு. 1893-இல் தொடங்கிய விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் 1929-இல் புதிய கட்டடத்துக்கு மாறியது. அங்கே அறிவியல் கற்பித்த எஃப். டேனியல், வெப்பமண்டலப் பள்ளிகளுக்கென்றே பொது அறிவியல், உடல்நலவியல் பாடநூல்களை எழுதினார். போருக்குப் பின் அப்பள்ளியின் தலைமையாசிரியரும் ஆனார். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்த எழுத்தர்களின் பிள்ளைகளுக்கு அந்த ஆய்வுக்கூடம் எட்டும் தூரம். கிள்ளான் தோட்டத்துப் பிள்ளைக்கு அது வேறு நாடு. அக்காலத் தமிழ் மருத்துவர்களைப் பெருமையோடு எண்ணும் நாம், அவர்கள் எந்தப் பள்ளி வாசலில் இருந்து வந்தார்கள் என்று கேட்பதில்லை.

அக்காலத்தில் மலாயாவிலேயே படித்து டாக்டர் ஆக வேண்டுமென்றால் 1905-இல் தொடங்கிய சிங்கப்பூர் மருத்துவப் பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் புலம் 1964-இல்தான் முதல் மாணவர்களை ஏற்றது. அதன் முதல் புலத்தலைவர் டி. ஜே. தனராஜ். முதல் அணி 1969-இல் பட்டம் பெற்றது. உள்ளூரிலேயே மருத்துவப் படிப்பு வந்ததும் ஆறாம் படிவ உயிரியல் வகுப்பின் மதிப்பு உயர்ந்தது.

அதே பத்தாண்டில் கீழே, பள்ளிகளில் தொடங்கிய மாற்றம் இன்னும் பெரியது. 1961 கல்விச் சட்டத்துக்குப் பின், தமிழ்ப்பள்ளி மாணவர் புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார்ந்து இடைநிலைப்பள்ளிக்குப் போகலானார். அறிவியலுக்கு 60, கலைக்கு 40 என்று 1967-இல் வகுத்த கொள்கை மேல்படிவங்களை அறிவியல் பக்கம் தள்ளியது. 1972 முதல் பிரிட்டனின் நஃபீல்டு திட்டத்தைத் தழுவிய நவீன உயிரியல் வந்தது: மனப்பாடம் குறைவு, செய்து பார்ப்பது அதிகம். வெங்காயத் தோலை உரித்து, அயோடின் சொட்டுவிட்டு, நுண்ணோக்கியில் உயிரணுவைத் தானே தேடிப் பிடிக்க வேண்டும். நல்ல பாடத்திட்டம். ஆனால் ஆய்வுக்கூடமும் பயிற்சி பெற்ற ஆசிரியரும் இருந்த பள்ளிக்கே அது நல்லது. இதற்கிடையே பயிற்றுமொழி ஆங்கிலத்திலிருந்து மலாய்க்கு மாறியது. 2003-இல் அறிவியல் மீண்டும் ஆங்கிலத்துக்குப் போனது. 2009-இல் அதைக் கைவிட முடிவெடுத்தார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் அதிகம் தடுமாறியவர்கள், வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத பிள்ளைகள்.

அந்த ஓட்டையைச் சமூகமே அடைக்க முயன்றது. 1979-இல் கல்வி, சமூகநல ஆய்வு அறவாரியம் தோன்றியது. 1982-இல் மலாயாப் பல்கலைக்கழக வரலாற்று விரிவுரையாளர் தம்பிராஜா ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கினார். வார இறுதி டியூஷனோடு பத்துமலைக்குக் கல்வி யாத்திரையும் சேர்ந்தது. பக்தியைப் படிப்போடு பிணைத்த இந்த உத்தியைச் சிலர் பரிகசித்ததுண்டு. பரிகசித்தவர்கள் மாற்றாக எதையும் நடத்தியதாகத் தெரியவில்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: டியூஷன் வகுப்பால் தேர்வு வினாவுக்கு விடை தர முடியும், நுண்ணோக்கியைத் தர முடியாது.

உயிரியலில் ஏ வாங்கிய பிறகும் ஒரு வாசல் இருக்கிறது. ஒரே பல்கலைக்கழகத்துக்கு ஆறாம் படிவ எஸ்.டி.பி.எம். தேர்வு நீண்ட வழி, மெட்ரிகுலேஷன் ஓராண்டு வழி. பின்னதில் பூமிபுத்ரா அல்லாதாருக்கு 10 விழுக்காடு 2003-இல் திறந்தது. இந்திய மாணவர்களுக்கு 2012-இல் 1,500 இடங்கள். 2017-இல் அது 2,200 ஆக உயர்ந்தது. இவை எல்லாத் துறைக்குமான இடங்கள். மருத்துவம் அதில் ஒரு துளி. பணம் புரட்ட முடிந்தவர்கள் 1992-இல் கோலாலம்பூரில் தொடங்கிய தனியார் மருத்துவக் கல்லூரிக்கும், பின்னர் ம.இ.கா.வின் கல்வி அறவாரியம் கெடாவில் நிறுவிய ஏம்ஸ்ட் பல்கலைக்கழகத்துக்கும் போனார்கள். பட்டம் பெற்று வந்தவர்களுக்கு 2016 முதல் நிரந்தரப் பணிக்குப் பதில் ஒப்பந்த வேலை. 2021 ஜூலை 26 அன்று ஒப்பந்த மருத்துவர்கள் நாடெங்கும் வேலையை நிறுத்தி வெளியே வந்தார்கள். மருத்துவர் பட்டம் ஒன்றையே குறியாக வைத்துப் பிள்ளைகளைத் தயார் செய்ததன் குறை அன்று வெளிப்பட்டது. தாதிமை, இயன்முறை மருத்துவம், ஆய்வுக்கூட நுட்பம் போன்றவற்றுக்கும் அதே உயிரியல் வகுப்புதான் அடித்தளம்.

2020 முதல் நான்காம் படிவத்தில் பழைய அறிவியல், கலைப் பிரிவுகள் இல்லை. பாடத் தொகுப்பைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். அறிவியல் பாடங்களில் செய்முறைத் தேர்வும் திரும்ப வந்துவிட்டது. மருத்துவப் படிப்புக்கு உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் ஆகியவற்றை எஸ்.பி.எம். அளவிலேயே கேட்கிறார்கள். ஆகவே மூன்றாம் படிவ முடிவில் தொகுப்புத் தாள் வீட்டுக்கு வரும்போது, பெற்றோர் கையெழுத்துப் போடுமுன் பள்ளிக்கே நேரில் போய் இரண்டு கேள்வி கேட்கட்டும்: இந்தத் தொகுப்பில் வேதியியல் இருக்கிறதா? ஆய்வுக்கூடத்தில் பிள்ளைகள் தம் கையால் செய்து பார்க்கிறார்களா?